‘அப்சால்வ்’ என்றால் மன்னிப்பா, விடுவிப்பா? ஒரு வினைச்சொல்லுக்கு முழுமையான வழிகாட்டி

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு விசாரணை அறிக்கையைத் தமிழாக்கிக் கொடுத்தேன். கிடங்கு ஒன்றில் சரக்குக் குறைந்த விவகாரம். கணக்கு மென்பொருளில் இருந்த பிழைதான் காரணம், கிடங்குப் பொறுப்பாளருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று அறிக்கை முடிந்திருந்தது. கடைசி வரியில் அவரை ‘அப்சால்வ்’ செய்திருந்தார்கள். அகராதியைப் புரட்டினேன். ‘மன்னி’ என்று கண்ணில் பட்டது. ‘விசாரணைக் குழு அவரை மன்னித்தது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பொறுப்பாளரே கூப்பிட்டார். வயதில் பெரியவர். குரலில் கோபம்கூட இல்லை. “தம்பி, நான் தப்பே செய்யலைன்னுதானே அதுல இருக்கு? அப்புறம் எதுக்கு என்னை மன்னிக்கணும்?”

அன்று எனக்குப் பதில் வரவில்லை. ‘அப்சால்வ்’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் ‘மன்னி’ என்று போட்டுவிடும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. சில இடங்களில் அது பொருந்தும். பல இடங்களில் குற்றமே செய்யாத ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடும். எங்கே எது பொருந்தும் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முடிச்சு அவிழும் காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

லத்தீனில் ‘சோல்வெரே’ என்றால் அவிழ்ப்பது, தளர்த்துவது. அதன் முன்னால் வரும் ‘அப்’ என்ற ஒட்டுக்கு ‘விட்டு விலக’ என்று பொருள். இரண்டும் சேர்ந்த ‘அப்சோல்வெரே’, கட்டிவைத்ததை அவிழ்த்து அனுப்பிவிடுவதைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 15-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. இதன் உறவினர்கள் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவர்கள்தான். கணக்கின் சிக்கலை அவிழ்த்தால் ‘சால்வ்’. உப்பு தண்ணீரில் கட்டுவிட்டுக் கரைந்தால் ‘டிசால்வ்’. கரைக்கும் திரவம் ‘சால்வென்ட்’. ‘அப்சல்யூட்’கூட இந்தக் குடும்பம்தான்: எதனோடும் கட்டப்படாதது, ஆகவே முழுமையானது.

ரோமக் குடியரசுக் காலத்து வழக்குகளில் நடுவர்களாக உட்கார்ந்தவர்கள் கையில் மெழுகு பூசிய சிறு பலகை இருக்கும். ஒரு பக்கம் ‘ஏ’, மறுபக்கம் ‘சி’. ‘ஏ’ என்றால் ‘அப்சோல்வோ’, அதாவது விடுவிக்கிறேன். ‘சி’ என்றால் ‘கொண்டெம்னோ’, அதாவது குற்றவாளி என்கிறேன். வேண்டாத எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டுப் பலகையைக் கலயத்தில் போடுவார்கள். ‘ஏ’ எழுத்தைக் காப்பாற்றும் எழுத்து என்று சொன்னவர் ரோமச் சொற்பொழிவாளர் சிசரோ. அந்தப் பலகையில் மன்னிப்புக்கு இடமே கிடையாது. நடுவருக்கும் எதிரே நிற்பவருக்கும் இடையில் கோபதாபம் எதுவும் இல்லை. கட்டி நிறுத்திய ஆளை அவிழ்த்துவிடுவதா, இறுக்குவதா என்பது மட்டும்தான் கேள்வி.

இதே சொல்லைப் பிறகு திருச்சபை எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கக் குருவிடம் ஒருவர் தம் பாவங்களைச் சொல்லி முடித்ததும் குரு சொல்லும் லத்தீன் வாசகம் ‘ஏகோ தே அப்சோல்வோ’ என்று வரும்: நான் உன்னை விடுவிக்கிறேன். இங்கே எதிரில் இருப்பவர் தவறு செய்தவர். அவரே ஒப்புக்கொண்டும் விட்டார். நீதிமன்றத்தில் ‘குற்றம் இல்லை, போ’ என்று சொன்ன அதே வாய்ச்சொல், இங்கே ‘குற்றம் உண்டு, ஆனாலும் அவிழ்த்துவிட்டேன், போ’ என்று சொல்கிறது.

இந்த இரட்டை வாழ்க்கைதான் எல்லாக் குழப்பத்துக்கும் ஊற்று. ‘அப்சால்வ்’ என்ற சொல்லுக்குள் ‘அவர் செய்தாரா, செய்யவில்லையா’ என்ற தகவலே கிடையாது. ஒரு பழியோ கடமையோ அவரைக் கட்டியிருந்தது, இப்போது கட்டு இல்லை. அவ்வளவுதான் அது சொல்லும். மீதியைச் சுற்றியிருக்கும் வாக்கியங்களில்தான் தேட வேண்டும்.

தமிழில் இதற்கு மிக அருகில் நிற்கும் வேர் எது என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது ‘தீர்’. சிக்கல் தீர்ந்தால் தீர்வு. வழக்குத் தீர்ந்தால் தீர்ப்பு. கடன் தீரும், பாவம் தீரும். லத்தீன் ‘சோல்வெரே’யும் கடனை அடைப்பதற்குப் பயன்பட்ட சொல்தான். கடனைத் திருப்பிக் கட்டும் வலு உள்ள நிறுவனத்தை ஆங்கிலத்தில் இன்றும் ‘சால்வென்ட்’ என்கிறார்கள். இரண்டு மொழியும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே திசையில் யோசித்திருக்கின்றன. ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது: ‘பழி தீர்த்தார்’ என்று எழுதிவிடாதீர்கள். அது வஞ்சம் தீர்ப்பது. நேர் எதிர்த் திசையில் போய் விழும்.

படி 2: வாயில் வரவழையுங்கள்

இரண்டே அசை. அழுத்தம் இரண்டாவதில்: அப்-சால்வ். நடுவில் வருவதைப் பிரிட்டிஷ்காரர்கள் தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிரும் ‘இஸட்’ ஒலியில் சொல்வார்கள். அமெரிக்கர்கள் சிலர் வெறும் ‘எஸ்’ ஆகவும் சொல்வார்கள். இரண்டும் சரி. முடிவில் ‘வு’ என்று இழுக்காமல், கீழுதட்டை மேற்பல்லில் ஒட்டியபடி நிறுத்துங்கள். இறந்தகாலத்தில் ‘அப்சால்வ்ட்’. ‘அப்சால்வெட்’ என்று இன்னோர் அசை சேர்க்கக் கூடாது.

பெயர்ச்சொல் ‘அப்சல்யூஷன்’. அழுத்தம் ‘லூ’வுக்கு நகரும், ‘எஸ்’ தெளிவாக ஒலிக்கும். இந்தப் பெயர்ச்சொல்லில் கோயில் மணம் கொஞ்சம் தூக்கல். வினையை அலுவலக அறிக்கையில் தாராளமாக எழுதலாம். பெயர்ச்சொல்லை எழுதினால் படிப்பவர் மனத்தில் பாவமும் குருவும் வந்துவிடுவார்கள்.

படி 3: வாக்கியத்தின் சட்டகம்

யார், அப்சால்வ், யாரை, ‘ஆஃப்’ அல்லது ‘ஃப்ரம்’, எதிலிருந்து. இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

“த ரிப்போர்ட் அப்சால்வ்ட் த பைலட் ஆஃப் ப்ளேம்.” விமானிமீது பழி இல்லை என்று அறிக்கை சொன்னது.

வினைக்கு நேர் பின்னால் ஆள்தான் வர வேண்டும். ‘அவர் என் தவறை அப்சால்வ் செய்தார்’ என்ற அமைப்பில் ஆங்கிலத்தில் எழுதினால் காது உறுத்தும். கட்டை அவிழ்த்து விடுவிப்பது ஆளை. தவறை விடுவிக்க முடியாது அல்லவா? சமய மொழியில் மட்டும் பாவத்தையே செயப்படுபொருளாக வைத்து எழுதுவது உண்டு. அதைப் பொது எழுத்துக்கு இழுத்துவர வேண்டாம்.

‘ஆஃப்’ போடுவதா, ‘ஃப்ரம்’ போடுவதா? இரண்டுமே செல்லும். பழி, குற்றம், பொறுப்பு என்று வந்தால் ‘ஆஃப்’ இயல்பாக உட்காரும். பாவம், சபதம், கடமை, ஒப்பந்தக் கடப்பாடு என்று வந்தால் ‘ஃப்ரம்’ அதிகம் காதில் விழும். கத்தோலிக்க வழிபாட்டின் ஆங்கில வாசகமும் ‘ஐ அப்சால்வ் யூ ஃப்ரம் யுவர் சின்ஸ்’ என்றுதான் போகிறது. எது என்று தெரியாமல் பேனா நின்றால் ‘ஆஃப்’ போட்டுக் கடந்துவிடுங்கள். ‘ஃபார்’ மட்டும் கூடவே கூடாது. ‘ஃபர்கிவ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஃபார்’ வரும். அந்தப் பழக்கம் கையில் இருப்பதால்தான் இங்கேயும் தவறிப்போய் எழுதிவிடுகிறோம்.

செய்வினையைவிடச் செயப்பாட்டுவினையில்தான் இதை அதிகம் சந்திப்பீர்கள். “ஷீ வாஸ் அப்சால்வ்ட் ஆஃப் ஆல் ப்ளேம்.” விடுவித்தது யார் என்பது அங்கே முக்கியம் இல்லை. பழி போயிற்று என்பதே செய்தி.

படி 4: அவிழ்ப்பது யார்?

இந்தப் படியில்தான் சொல்லின் முழு ருசி இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மன்னிப்பதற்குக் காயம்பட்டிருந்தால் போதும், பதவி எதுவும் வேண்டாம். ‘அப்சால்வ்’ செய்ய அதிகாரம் வேண்டும். நீதிபதி, விசாரணைக் குழு, குரு என்று கட்டை அவிழ்க்கும் உரிமை உள்ளவர்கள்தான் இதற்கு எழுவாய் ஆவார்கள். அதனால்தான் பத்து நிமிடம் தாமதமாக வந்த நண்பரிடம் ‘ஐ அப்சால்வ் யூ’ என்றால் அவர் சிரிப்பார். ஒரு நொடி நீங்கள் அங்கி போட்ட குருவாகிவிடுகிறீர்கள். கேலிக்கு நன்றாக இருக்கும். மெய்யாகச் சொல்ல முடியாது.

மனிதர்தான் எழுவாயாக வர வேண்டும் என்பதும் இல்லை. அறிக்கை, தீர்ப்பு, சான்று, அறியாமை, வயது, வரலாறு எல்லாம் இந்த வேலையைச் செய்யும். 1953-இல் கியூபாவின் மொன்காடா படைமுகாம் தாக்குதல் வழக்கில் ஃபிடல் காஸ்ட்ரோ தம் தரப்பைத் தாமே எடுத்துச் சொன்னார். அந்த உரையின் முடிவாக இன்று உலகம் நினைவில் வைத்திருக்கும் வரி, ஆங்கிலத்தில் ‘ஹிஸ்டரி வில் அப்சால்வ் மீ’. இதைத் தமிழில் ‘வரலாறு என்னை மன்னிக்கும்’ என்று எழுதினால் என்ன ஆகிறது பாருங்கள். தவறுதான் செய்தேன், காலம் பொறுத்துக்கொள்ளும் என்று அவர் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். அவர் சொன்னது வேறு: இந்த நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொன்னாலும் சொல்லட்டும், இதற்கு மேல் வரலாறு என்றொரு நீதிமன்றம் உண்டு, அது என்னை விடுவிக்கும். ‘வரலாறு என்னை விடுதலை செய்யும்’ என்றால்தான் அந்தத் திமிர் தமிழில் நிற்கிறது.

எதிர்மறையில் வருவதுதான் அன்றாடத்தில் அதிகம். “திஸ் டஸ் நாட் அப்சால்வ் யூ ஆஃப் ரெஸ்பான்ஸிபிலிட்டி.” இதைக் காட்டி நீங்கள் பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாது. தெரியாமல் செய்தேன், மேலதிகாரி சொன்னார், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று யாராவது ஒரு சாக்கை நீட்டும்போது அதைத் திருப்பித் தள்ளும் வாக்கியம் இது. ஒப்பந்தங்களிலும் இதே அமைப்பு உண்டு: இந்தப் பிரிவில் உள்ள எதுவும் ஒப்பந்ததாரரை அவருடைய கடப்பாட்டிலிருந்து விடுவிக்காது. படிக்கும்போது ‘நாட்’ எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் ஒப்பந்தமே தலைகீழாகும்.

இன்னொரு முகமும் உண்டு. எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே ஆளாக வரும்போது சொல்லுக்குள் ஒரு குத்தல் ஏறிக்கொள்ளும். “ஹீ அப்சால்வ்ட் ஹிம்செல்ஃப் ஆஃப் ஆல் ரெஸ்பான்ஸிபிலிட்டி.” தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டார், அதாவது பொறுப்பைக் கைகழுவினார். அதிகாரம் உள்ள ஒருவர் செய்ய வேண்டிய வேலையை அவரே தமக்குச் செய்துகொண்டார் என்பதில்தான் ஏளனம் இருக்கிறது.

படி 5: பக்கத்து வீட்டுச் சொற்களைப் பிரித்தறியுங்கள்

மூன்று கேள்விகள் போதும். தவறை அவர் செய்தாரா? விடுவிப்பவர் யார்? நீங்குவது என்ன, பழியா, தண்டனையா, மனக்கசப்பா?

‘ஃபர்கிவ்’ செய்தால் நீங்குவது மனக்கசப்பு. காயம்பட்டவர்தான் செய்ய முடியும். தவறு நடந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ‘எக்ஸ்கியூஸ்’ சின்ன விஷயங்களுக்கு. காரணம் இருந்தது, போகட்டும். ‘அக்விட்’ நீதிமன்றத்தின் தனிச்சொத்து. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். ஊர் என்ன நினைக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. இறந்தகாலத்தில் எழுதும்போது ‘டி’ இரட்டிக்கும்.

‘எக்ஸானரேட்’ இவற்றுள் மிகச் சுத்தமான சொல். லத்தீனில் ‘ஓனுஸ்’ என்றால் சுமை. முதுகிலிருந்து பழிச்சுமையை இறக்கி வைப்பது இது. இன்றைய வழக்கில், அவர் செய்யவே இல்லை என்று சான்று காட்டியபின் வருவது. எங்கள் கிடங்குப் பொறுப்பாளருக்கு ஆங்கில அறிக்கை இந்தச் சொல்லைப் போட்டிருந்தால் நான் அவ்வளவு எளிதில் இடறியிருக்க மாட்டேன். ‘எக்ஸ்கல்பேட்’ ஏறக்குறைய இதே பொருள்தான், சட்டத் தாள்களுக்கு வெளியே அதிகம் தென்படாது.

‘பார்டன்’தான் விவகாரமான சொல். அதிகாரத்தில் இருப்பவர் தண்டனையை நீக்குகிறார். குற்றம் நடக்கவில்லை என்று அவர் சொல்வதில்லை. 1974 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு, தமக்கு முன் அந்தப் பதவியில் இருந்த ரிச்சர்ட் நிக்சனுக்கு ‘முழுமையான, தடையற்ற, நிபந்தனையற்ற’ பார்டன் வழங்கினார். பார்டனை ஏற்றுக்கொள்வதில் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் அடங்கியிருக்கிறது என்ற கருத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1915-லேயே பதிவு செய்திருந்தது.

இந்த வேறுபாட்டை உடம்பில் சுமந்தவர் பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஆல்ஃப்ரட் டிரைஃபஸ். ஜெர்மனிக்கு உளவு சொன்னார் என்று 1894-இல் ராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்து, தென் அமெரிக்கக் கரையோரம் இருந்த டெவில்ஸ் தீவுக்கு அனுப்பியது. 1899-இல் மறுவிசாரணை நடந்தது. அதிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. சில நாள்களில் குடியரசுத் தலைவர் லூபே அவருக்குப் பார்டன் கொடுத்தார். உடல்நலம் கெட்டுப்போயிருந்த டிரைஃபஸ் அதை ஏற்றுக்கொண்டு வெளியே வந்தார். ஆனால் மானம் திரும்பாமல் விடுதலைக்கு அர்த்தமில்லை, நான் குற்றமற்றவன் என்று நிறுவப் போராடுவேன் என்று அறிவித்தார். ஏழு ஆண்டு கழித்து, 1906 ஜூலை 12 அன்று, பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பையே ரத்து செய்தது. 1899-இல் கிடைத்தது பார்டன். 1906-இல் கிடைத்தது எக்ஸானரேஷன். இரண்டையும் ‘மன்னிப்பு’ என்று ஒரே சொல்லில் அடக்கினால் நடுவில் இருக்கும் அந்த ஏழு ஆண்டுப் போராட்டம் காணாமல் போய்விடும்.

கணித மேதை ஆலன் டூரிங் கதையும் இதுதான். தன்பாலின உறவுக்காக 1952-இல் தண்டிக்கப்பட்டவருக்கு 2013 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசியின் பெயரால் பார்டன் வந்தது. அவர் இறந்து ஐம்பத்தொன்பது ஆண்டு ஆகியிருந்தது. பாராட்டியவர்கள் நடுவே முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். குற்றமே இல்லாததற்கு எதற்கு மன்னிப்பு என்று கேட்டார்கள். எனக்கு அந்தத் தொலைபேசிக் குரல்தான் நினைவுக்கு வந்தது.

‘விண்டிகேட்’ ஒரு படி மேலே போகும். பழி இல்லை என்பதோடு நிற்காமல், அவர் சொன்னதுதான் சரி என்று நிரூபணமாகும்போது இது வரும். வஞ்சம் வைக்கும் குணத்தைச் சொல்லும் ‘விண்டிக்டிவ்’, பழிவாங்கலைச் சொல்லும் ‘வெஞ்சன்ஸ்’ இரண்டும் இதே லத்தீன் மூலத்துக்குப் போகின்றன. பழியைத் துடைப்பதும் பழிவாங்குவதும் ஒரே வேரில் பிறந்திருப்பதைப் பார்த்தால், நம் ‘பழி தீர்த்தல்’ தனியாக நிற்கவில்லை என்று தோன்றுகிறது.

‘கண்டோன்’ மட்டும் இந்தத் தெருவிலேயே வேறு சாதியைச் சேர்ந்த மரம். செயலைக் கண்டும் காணாமல் விடுவது, பரவாயில்லை என்று ஏற்றுக்கொள்வது அதன் வேலை. ‘அப்சால்வ்’ ஆளைத் தொடும், ‘கண்டோன்’ செயலைத் தொடும். ஒருவரை மன்னித்துவிட்டு, அவர் செய்ததை ‘கண்டோன்’ செய்யவில்லை என்று சொல்வது முரண்பாடே இல்லை.

‘ஆம்னஸ்டி’ கூட்டத்துக்குக் கொடுக்கும் பொதுமன்னிப்பு. ‘ரெப்ரீவ்’ தண்டனையைத் தள்ளிப்போடுவது. அன்றாடப் பேச்சில் ‘கிளியர்’ ஒன்று போதும். செய்தித்தாள்களும் ‘கிளியர்ட் ஆஃப் ஆல் சார்ஜஸ்’ என்றுதான் சுருக்கமாக எழுதும்.

படி 6: தமிழில் எழுதும்போது

அகராதிச் சொல்லைத் தேடாமல் காட்சியைப் பாருங்கள். விசாரணையாக இருந்தால் ‘அவர்மீது பழி இல்லை என்றது’, ‘குற்றமற்றவர் என்று அறிவித்தது’. நீதிமன்றமாக இருந்தால் ‘விடுவித்தது’, ‘விடுதலை செய்தது’. சமயமாக இருந்தால் தயங்காமல் ‘பாவமன்னிப்பு அளித்தார்’. இங்கே மன்னிப்பு என்ற சொல்லுக்கு முழு உரிமை உண்டு. ஒப்பந்தமாக இருந்தால் ‘கடப்பாட்டிலிருந்து விடுவிக்கும்’. சபதம், வாக்குறுதி என்றால் ‘கட்டுப்பட வேண்டியதில்லை என்றார்’ என்று நீட்டி எழுதினாலும் குற்றமில்லை.

ஒரு சின்ன விஷயம் பெரிய தப்பாகும் இடம் இது: ‘குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்’ என்று செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். குற்றத்திலிருந்து விடுவிப்பது என்றால் குற்றம் அவரிடம் இருந்தது என்றாகிறது. ‘குற்றச்சாட்டிலிருந்து’ என்று எழுதினால் சரியாகிவிடும். ‘சாட்டு’ என்ற அந்த ஒட்டில் ஒரு மனிதரின் பெயர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

‘பழி’யை வைத்து எழுதும்போது நீக்கு, துடை, களை ஆகிய வினைகள் கைகொடுக்கும். ‘பொறு’ என்ற வினையை இங்கே தொடாதீர்கள். பொறுப்பதில் தாங்கிக்கொள்வது இருக்கிறது. தாங்கிக்கொள்ள ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டுமே.

படி 7: வழுக்கும் இடங்கள்

மன்னிப்புக் கடிதத்தில் ‘ப்ளீஸ் அப்சால்வ் மீ’ என்று எழுதுவதை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். பணிவாக எழுதுகிறோம் என்று நினைத்து எழுதுகிறார்கள். படிப்பவருக்கோ, பாவமன்னிப்புக் கேட்டு முழந்தாளிட்டதுபோல் இருக்கும். ‘ஐ அப்பாலஜைஸ்’ போதும்.

ஒலியில் நெருங்கி வரும் ‘அப்சார்ப்’ உறிஞ்சுவது. ‘ரிசால்வ்’ தீர்மானிப்பது அல்லது சிக்கலைத் தீர்ப்பது. வேகமாகப் பேசுபவரின் வாயில் இம்மூன்றும் ஒன்றுபோலக் கேட்கலாம். பின்னால் ‘ஆஃப் ப்ளேம்’ வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் படித்தவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள். அங்கே ‘அப்சோல்வீரென்’ என்றால் படிப்பை முடிப்பது. அதே நினைப்பில் ஆங்கிலத்தில் ‘ஐ அப்சால்வ்ட் மை ஸ்டடீஸ்’ என்று எழுதினால் படிப்புக்குப் பாவமன்னிப்புக் கொடுத்ததாகிவிடும். படிப்பின் கட்டிலிருந்து அவிழ்ந்து வந்தோம் என்று பார்த்தால் ஜெர்மானியர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

படி 8: பழகிப் பாருங்கள்

நான்கு சூழல். எந்தச் சொல் பொருந்தும் என்று முதலில் நீங்களே சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

ஒருவர் உங்கள் ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டார். வருந்தி வந்து நிற்கிறார், நீங்கள் மனம் இளகுகிறீர்கள். இது ‘ஃபர்கிவ்’. உங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

இருபது ஆண்டு சிறையில் இருந்தவர் செய்யவில்லை என்று மரபணுச் சோதனை காட்டுகிறது. ‘எக்ஸானரேட்’. ‘பார்டன்’ என்று எழுதினால் அவர் உங்களை மன்னிக்கமாட்டார்.

‘மென்பொருள் தவறாகக் காட்டியது’ என்கிறார் மருந்தை மாற்றிக் கொடுத்தவர். அது அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று சொல்ல வேண்டும். ‘டஸ் நாட் அப்சால்வ்’. இந்த இடத்துக்கென்றே செய்து வைத்ததுபோல் பொருந்தும்.

கடைசியாக நான் தோற்ற வாக்கியம்: “த கமிட்டி அப்சால்வ்ட் ஹிம் ஆஃப் ஆல் ப்ளேம்.” தொலைபேசியை வைத்த கையோடு அந்த வரியைத் திருத்தினேன். ‘சரக்குக் குறைந்ததில் அவர்மீது எந்தப் பழியும் இல்லை என்று குழு முடிவு செய்தது.’ சரிதானா என்று கேட்டு அவருக்கே அனுப்பினேன். சிறிது நேரத்தில் மறுபடியும் அழைப்பு வந்தது. “நல்லா இருக்கு தம்பி. ஆனா ‘முடிவு செய்தது’ன்னா அவங்களா உக்காந்து முடிவு பண்ணின மாதிரி படுது. விசாரிச்சுத்தானே சொன்னாங்க? ‘கண்டறிந்தது’ன்னு போடுங்களேன்.”

அப்படியே போட்டேன்.